மின்சாரக் கார்: சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். எங்கள் பெட்ரோல் காரின் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) அடுத்த ஆண்டு முடிகிறது. அதையே புதுப்பிப்பதா, மின்சாரக் காருக்கு மாறுவதா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான்.

என் பெரிய கவலை சார்ஜ் செய்வது. ஈசூனில் எங்கள் புளோக் கார்ப்பேட்டையில் இருப்பது சில 7.4 கிலோவாட் சார்ஜர்கள். 60 கிலோவாட்-மணி பேட்டரி காலியானால் நிரப்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு பத்து மணிக்குப் பார்த்தால் எல்லாவற்றிலும் வண்டி நிற்கிறது. சார்ஜ் முடிந்தும் எடுக்காதவர்களை என்ன சொல்ல! நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நடுராத்திரியில் இறங்கிப் போய் வண்டியை மாற்றி நிறுத்துகிறீர்களா?

செலவுக் கணக்கும் உதைக்கிறது. பெட்ரோல் காசு மிச்சம், சரி. ஆனால் சாலை வரியோடு ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதலாகக் கட்ட வேண்டுமே. காப்புறுதியும் ஏறுமா?

அப்புறம் ஜோகூர். மாமியார் வீடு மூவாரில். சிங்கப்பூர் கார் மலேசியாவுக்குப் போகும்போது பெட்ரோல் தொட்டி முக்கால்வாசி நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி மின்சாரக் காருக்கு இல்லை என்பது ஒரு நிம்மதி. பள்ளி விடுமுறையில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சார்ஜருக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது?

ஓட்டுபவர்கள் மாதச் செலவை உள்ளபடி சொல்லுங்கள். விற்பனையாளர் போட்ட கணக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதை நம்பத்தான் மனம் வரவில்லை.