7 மாதக் குழந்தையோடு தனியாக வெளிநாட்டுப் பயணம்: தொட்டில் போதுமா, தனி சீட் எடுக்கலாமா?

புதுஅம்மா:
எல்லோருக்கும் வணக்கம். கணவர் வேலை பார்க்கும் நாட்டுக்கு அடுத்த மாதம் போகிறேன், அப்போது மகளுக்கு 7 மாதம் முடிந்திருக்கும். துணைக்கு யாரும் இல்லை, நானும் அவளும்தான். நடுவில் ஒரு இடத்தில் விமானம் மாற வேண்டும், முதல் விமானமே இரவு முழுக்கப் பறக்கும். 2 வயதுக்குள் என்பதால் மடியில் வைத்துக்கொண்டால் போதும், கேட்டால் விமானத்திலேயே தொட்டில் தருவார்கள் என்கிறார்கள். அதை நம்பிப் போகலாமா, இல்லை காசு போனால் போகட்டும் என்று தனி சீட் எடுத்துவிடலாமா? அப்புறம், தூங்க வைக்கச் சளி மருந்து கொஞ்சம் கொடுத்துவிடு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள், எனக்கு மனசே வரவில்லை.

ஜன்னல்சீட்:
தொட்டில் நல்ல விஷயம்தான் தோழி, ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது. விமானத்துக்குள் பகுதிகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவருக்கு எதிரே இருக்கும் வரிசையில் மட்டும்தான் அதை மாட்ட முடியும், ஒரு விமானத்தில் அப்படி இருப்பதே சில இடங்கள்தான். டிக்கெட் எடுத்த கையோடு விமான நிறுவனத்துக்கு போன் செய்து சொல்லிவையுங்கள். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சில இடங்களில் உயரமும் பார்ப்பார்கள், அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்தே ஆகவேண்டும். மடியில் வைத்து, உங்கள் பெல்ட்டோடு கோர்க்கிற குட்டி பெல்ட்டை அவளுக்கு மாட்ட வேண்டும். அரைமணி நேரம் தட்டித் தட்டித் தூங்க வைத்து, அப்பாடா என்று கையை எடுக்கும்போதுதான் அந்த டிங் சத்தம் வரும்! இன்னொன்று, அந்த வரிசையில் முன்னால் சீட் கிடையாது, அதனால் கிளம்பும்போதும் இறங்கும்போதும் பையை மேலே வைக்கச் சொல்வார்கள். ஒரு டயப்பர், துடைக்கும் துணி, பால் பாட்டில் மூன்றையும் முன்கூட்டியே கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கோட்டு:
குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். தூங்க வைப்பதற்காகச் சளி மருந்து கொடுக்கவே கொடுக்காதீர்கள். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு மூச்சு மந்தமாகிவிடக்கூடும், சில குழந்தைகளோ தூங்குவதற்குப் பதில் நேர்மாறாகத் துள்ள ஆரம்பித்துவிடும். உங்கள் மனசு சொன்னதுதான் சரி.

காதடைப்பு கிளம்பும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். தரை தொடுவதற்குச் சுமார் அரைமணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும், பால் கொடுப்பதை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், விழுங்க விழுங்கக் காது திறக்கும். கிளம்பும்போது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டியதில்லை.

டிக்கெட்டைவிட முதலில் பார்க்க வேண்டியது தடுப்பூசி. 6 மாதம் முடிந்த குழந்தை வெளிநாடு போனால் தட்டம்மைக்கு முன்கூட்டியே ஒரு ஊசி போடச் சொல்வார்கள். அது வழக்கமான டோஸ் கணக்கில் சேராது, பிற்பாடு அட்டவணைப்படி மறுபடி போட வேண்டும். எதிர்ப்புச் சக்தி உருவாக 2 வாரமாவது வேண்டும், ஆகவே இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

ரெட்டைவால்:
நான் தனி சீட் கட்சி. அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையே மடியைவிட, விமானத்துக்கு அனுமதி பெற்ற குழந்தை இருக்கைதான் பாதுகாப்பு என்கிறது. திடீரென்று விமானம் குலுங்கினால் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கை தாங்காது. மடிக்குழந்தைக்கும் சர்வதேச விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் போல வாங்குகிறார்கள், அது இலவசம் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஜன்னல்சீட்:
பாதுகாப்பு விஷயத்தில் மறுப்பே இல்லை. ஆனால் ஒரு தோளில் குழந்தை, ஒரு தோளில் பை, மூன்றாவதாக அந்த இருக்கையையும் தூக்கிக்கொண்டு ஒற்றை ஆளாக விமானம் மாற வேண்டும், அதையும் யோசியுங்கள்.

புதுஅம்மா:
ரொம்ப நன்றி. மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். நான் மட்டும் கூட்டிப்போவதால் கேள்வி கேட்பார்களா? பாலைச் சோதனையில் விடுவார்களா?

ரெட்டைவால்:
சில நாடுகளில் கேட்பார்கள். கணவரிடம் நோட்டரி கையெழுத்தோடு சம்மதக் கடிதம் வாங்கி, பிறப்புச் சான்றிதழ் நகலையும் சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். இன்னும் எடுக்கவில்லை என்றால் வெள்ளைத் துணியில் படுக்க வைத்து, கண் திறந்திருக்கும்போது போட்டோ எடுங்கள், உங்கள் கை தெரியக்கூடாது. கைப்பையில் திரவம் ஒரு பாட்டிலில் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி குழந்தைப் பாலுக்குப் பெரும்பாலும் கிடையாது, சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். குழந்தையின் தள்ளுவண்டியை விமானக் கதவுவரை கொண்டுபோகலாம், ஆனால் மாறும் இடத்தில் கையில் தருவார்களா, கடைசியில்தான் கிடைக்குமா என்று செக்-இன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.