டிசம்பரில் விட்பி: பெற்றோருடன் செல்ல ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரை டிசம்பர் கடைசி வாரத்தில் இங்கிலாந்தில் உள்ள யார்க்‌ஷயரின் விட்பி நகருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். குளிர்காலத்தில் அங்கே சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

முதல் கவலை சாப்பாடு. அப்பாவுக்கு மீன் என்றால் உயிர். ஆனால் யார்க்‌ஷயரின் மீன் வறுவல் கடைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள், எங்கள் வீட்டிலோ மாட்டிறைச்சி புழங்குவதில்லை. ஆகவே, தாவர எண்ணெயில் பொரித்து, உட்கார்ந்து சூடாகச் சாப்பிடவும் இடம் தரும் கடை துறைமுகத்தை ஒட்டி இருந்தால் அவசியம் சொல்லுங்கள். ஹென்ரியேட்டா தெருவில், ஹெர்ரிங் மீனைப் பிளந்து உப்பிட்டு, ஓக் மரத்தூள் புகையில் தொங்கவிட்டு கிப்பர் தயாரிக்கும் 1872ஆம் ஆண்டுக் கடை அந்த வாரம் திறந்திருக்குமா? கருவாட்டு மணத்தில் வளர்ந்த அப்பாவுக்கு அதை எப்படியும் வாங்கித் தர வேண்டும்.

அடுத்தது, குன்றின் மேல் உள்ள பழைய மடாலயம். கி.பி. 657இல் நிறுவப்பட்ட அந்த இடத்தை அம்மா பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்; மூட்டு வலியோடு 199 படிகளை ஏறுவது நடக்காத காரியம். மேலே உள்ள வாகன நிறுத்தத்திலிருந்து வாசல்வரை தரை சமமாக இருக்குமா, கடற்காற்று வயதானவர்கள் தாங்கும்படி இருக்குமா? நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுவதாக எண்ணம்.

பிக்கரிங்கிலிருந்து மேட்டுநிலத்தைக் கடக்கும் ஏ169 சாலையில் உறைபனிக் காலத்தில் வண்டி ஓட்டியவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.