61 வயது அம்மா, 24 பக்கப் படிவம்: டிரயலில் சேர்க்கலாமா, வேண்டாமா?

காரைக்குடி மீனா
அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆபரேஷன் முடிந்து தையலும் பிரித்தாயிற்று. அடுத்தது கீமோ. மெட்ராஸில் பார்க்கிற டாக்டர், கீமோவோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஒரு இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் டிரயல் நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்று தமிழில் 24 பக்கப் படிவம் கொடுத்தார். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் சலைன். யாருக்கு எது ஏறுகிறது என்று டாக்டருக்கும் தெரியாதாம். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து போனில் கத்துகிறான், “அம்மா என்ன சோதனை எலியா?” என்று. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டைக்காரன்
உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி, தங்கச்சி. பக்கத்துத் திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-இல் அங்கே ஒரு ஆய்வு தொடங்கினார்கள். கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்தே புற்றுநோயைப் பிடிக்க முடியுமா என்று. 114 தொகுதிகள். 57-இல் பரிசோதனை, மீதி 57-இல் வழக்கமாக இருக்கும் வசதி மட்டும். பரிசோதித்த பக்கம் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்த இன்னொரு பக்கத்தில் 30,958 பெண்கள் இருந்தார்கள். எனக்கு அவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அப்புறம் அன்றைய ஆந்திராவின் கம்மத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி போட்ட கதை: பெற்றோரிடம் ஒழுங்காக ஒப்புதல் வாங்கவில்லை என்று கூச்சல் எழுந்து, 2010-இல் பாதியில் நிறுத்தினார்கள். படிப்பறிவு குறைந்த, கேள்வி கேட்காத ஆட்களைத்தான் இவர்கள் தேடுவார்கள்.

புதுவயல் மருந்துக்கடை
அண்ணே, திண்டுக்கல் பற்றி நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான், மழுப்ப மாட்டேன். ஆனால் மீனா அம்மாவின் விஷயம் அதுவல்ல. அங்கே ஒரு பக்கத்துக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. இங்கே இரண்டு பக்கத்துக்கும் கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் கீமோ உண்டு. அதற்கு மேல் மருந்தா சலைனா என்பதுதான் குலுக்கல். சலைன் விழுந்தாலும் வழக்கமான சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை.

மீனா, ஒன்று கேட்கிறேன். பயாப்சி ரிப்போர்ட்டில் எம்.எம்.ஆர். என்று மூன்று எழுத்து இருக்கும், பாருங்கள். செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் விழும் பிழையைத் திருத்தும் புரதங்கள் அவை. நம்மூர்ப் பேரேட்டில் தப்பு விழுந்தால் பிடிக்கிற கணக்குப்பிள்ளை மாதிரி. கணக்குப்பிள்ளை இல்லாத கட்டியில் பிழை மலைபோலக் குவியும். அதைப் பார்த்ததும் உடம்பின் எதிர்ப்புச் செல்லுக்கு அது அந்நியமாகத் தெரியும். இம்யூனோதெரபி அங்கேதான் நன்றாக எடுபடும். 2023-இல் வந்த பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தின் ஆய்வில், அப்படிப்பட்ட கட்டி உள்ளவர்களில் 12 மாதம் கழித்தும் நோய் முற்றாமல் இருந்தவர்கள் மருந்துப் பக்கம் 74 சதவீதம், சலைன் பக்கம் 38. உங்கள் அம்மா அந்த ரகம் என்றால் நானே சொல்வேன், சலைன் குலுக்கலுக்குப் போகாதீர்கள், மருந்தையே நேராகக் கேளுங்கள் என்று. ஏற்கெனவே நிரூபித்ததை மறைத்து வைத்து விளையாடுவது தப்பு.

காரைக்குடி மீனா
பார்த்தேன். “ப்ரொஃபிஷியன்ட்” என்று போட்டிருக்கிறது.

புதுவயல் மருந்துக்கடை
அப்படியானால் கணக்குப்பிள்ளை வேலையில் இருக்கிறார். இந்த ரகத்தில் லாபம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதே ஆய்வில் நோய் முற்றாமல் இருந்த காலத்தின் நடுப்புள்ளி மருந்துப் பக்கம் 13.1 மாதம் (பாதிப் பேருக்கு அதற்கு மேல்), சலைனில் 8.7 மாதம். இதைக் கூட்ட முடியுமா என்றுதான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தேவகோட்டைக்காரன்
நாலரை மாதம்! அதற்குத் தைராய்டு கெடலாம், நுரையீரல் வீங்கலாம், குடல் புண்ணாகலாம். இதையெல்லாம் 24 பக்கத்தில் எத்தனையாவது பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், கேளுங்கள்.

காரைக்குடி மீனா
11-ஆம் பக்கம். நேற்று ராத்திரி முகப்பில் உட்கார்ந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

பள்ளத்தூர் சிஸ்டர்
நான் புற்றுநோய் வார்டில் 26 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாலரை மாதம் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள், தம்பி. பேத்தி கல்யாணத்துக்கு இருந்துவிட வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிரயல் என்றாலே புது மருந்தை ஏற்றிப் பார்ப்பது என்று நினைக்கிறீர்கள். சிகிச்சையைக் குறைக்கவும் டிரயல்தான் வழி. முன்பெல்லாம் இந்த நோயில் ஆபரேஷன் முடிந்ததும் இடுப்பு முழுக்கக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைப்பார்கள். வயிற்றுப்போக்கில் அந்த அம்மாக்கள் பட்ட பாட்டை வார்டில் நின்று பார்த்தவர்களைக் கேளுங்கள். புடவையில் போய்விடுமோ என்று பயந்து ஒருத்தர் மூன்று நாள் கஞ்சித்தண்ணீரோடு கிடந்தார். நெதர்லாந்தில் போர்ட்டெக்-2 என்று ஒரு ஆய்வில் ஆரம்ப நிலையில் இருந்த 427 பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு இடுப்பு முழுக்க, மறு பாதிக்கு உள்ளே மட்டும் வைக்கும் கதிர்வீச்சு. 2010-இல் முடிவு வந்தது: நோய் பிறப்புறுப்பில் திரும்புவது இரண்டிலும் ஏறக்குறைய 2 சதவீதத்துக்குள்தான், குடல் தொந்தரவு உள்ளே வைத்தவர்களுக்குக் குறைவு. அந்த 427 பேரும் சோதனை எலி என்றால், இன்று அப்படி ஆரம்ப நிலையில் வருகிற நம்மூர் அம்மா வயிற்றுப்போக்கு இல்லாமல் வீடு திரும்புவது அந்த எலிகளால்தான்.

ஆனால் என் கோபம் வேறு. மூன்றாம் நிலை வரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மீனா?

காரைக்குடி மீனா
சிஸ்டர், அதை நானே தினமும் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று 8 வருஷம் ஆயிற்று. போன வருஷம் மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது. “சூடு” என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்திருக்கிறார். துணியை விடியுமுன் கிணற்றடியில் அலசிக் காயப்போட்டது யாருக்கும் தெரியாது. பிள்ளையார் நோன்பன்று இழை எடுக்க வராமல், முட்டி வலிக்கிறது என்று இரண்டாம் கட்டிலேயே படுத்துக்கொண்டார். தீட்டோடு எப்படி வருவது, அதை எங்களிடம் எப்படிச் சொல்வது என்று மறைத்திருக்கிறார். நான் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

இதில் கொடுமை, அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு கேம்ப்பில் பார்த்துவிட்டு “கர்ப்பப்பை நார்மல்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பார்த்துதான் ஆயிற்றே என்ற தைரியம் அம்மாவுக்கு.

பள்ளத்தூர் சிஸ்டர்
அவர்கள் பார்த்தது கருப்பை வாயை. உள்ளே இருக்கிற சவ்வை அந்தப் பரிசோதனை தொடவே தொடாது. கருப்பை வாயில் செல்லைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரும் இதைக் கண்டுபிடிக்கிற பரிசோதனை இல்லை. வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வளவு சுத்தமாக இருக்கிறது என்று சொல்கிற கதை. கேம்ப்பில் அந்த ஒரு வார்த்தையைத் திருத்திச் சொல்லியிருந்தால் போதும். உங்களைத் திட்டியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் வாத்தியார்
அப்படியென்றால் 50 வயது தாண்டிய எல்லாப் பெண்களுக்கும் வருஷம் ஒரு உள் ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன? டிரயலுக்குக் கொட்டுகிற காசை அதற்குக் கொடுக்கலாமே. நம் ஊரில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிக்கக் காசு இருக்கிறது.

பள்ளத்தூர் சிஸ்டர்
வெள்ளையடிப்பதை விடுங்கள் சார், அது தனிச் சண்டை. தொந்தரவே இல்லாதவர்களுக்கெல்லாம் ஸ்கேன் எடுத்து உயிர் பிழைக்க வைத்ததாக எந்த ஆய்வும் காட்டவில்லை. கொஞ்சம் தடிப்பாகத் தெரிகிறது என்று பயாப்சி, அப்புறம் பயத்தில் கர்ப்பப்பையையே எடுப்பது என்று போகும். தேவையில்லாமல் எடுத்ததை நான் நிறையப் பார்த்தவள்.

இந்த நோய் தானாகவே மணியடிக்கும். வந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு ரத்தம் பட்டிருக்கும். நின்ற பிறகு பட்டவர்களில் சுமார் 9 சதவீதம் பேருக்குத்தான் புற்றுநோய். அதனால் பயப்படவும் வேண்டாம், வெந்தயமும் வேண்டாம். ஒரு சொட்டு என்றாலும் உள் ஸ்கேன். உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பயாப்சி. 4-க்குள் இருந்தும் திரும்பத் திரும்பப் பட்டால் அப்போதும் பயாப்சி. மெல்லிய குழாயால் எடுப்பார்கள், பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டியதில்லை. சர்க்கரை, உடல் பருமன் உள்ளவர்களும், மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களும் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். குடும்பத்தில் சின்ன வயதிலேயே குடல் புற்றுநோய், கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் லிஞ்ச் சின்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களுக்குக் கணக்கே வேறு.

தேவகோட்டைக்காரன்
சிஸ்டர் சொன்ன எதையும் மறுக்கவில்லை. கண்டுபிடிப்பு வேறு, டிரயல் வேறு. மருந்து வேலை செய்தது என்றே வைத்துக்கொள்வோம். டிரயல் முடிந்த மறுநாள் அந்த மருந்து யார் காசு? கம்பெனி மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடும். மீனா நகையை அடகு வைப்பாரா?

புதுவயல் மருந்துக்கடை
இது சரியான கேள்வி. மருந்து டிரயல்களுக்கான 2019 அரசு விதிகளில் டிரயலுக்குப் பிறகும் இலவசமாக மருந்து கொடுக்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் வேறு மாற்றுச் சிகிச்சை இல்லாமல் இருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரைக்க வேண்டும், நெறிமுறைக் குழு ஒத்துக்கொள்ள வேண்டும். தானாகக் கிடைத்துவிடாது. டிரயலால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சிகிச்சை இலவசம், நஷ்ட ஈடும் உண்டு. சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய டிரயல் பதிவேட்டின் எண் படிவத்தில் இருக்கும், இணையத்தில் போட்டுப் பாருங்கள். 2009-இலிருந்து பதிவு கட்டாயம். எண் இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேவகோட்டைக்காரன்
“டாக்டர் பரிந்துரைக்க வேண்டும்” என்பதை எழுத்தில் வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். எழுதித் தர மறுத்தால் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

காரைக்குடி மீனா
எண் இருக்கிறது, போட்டுப் பார்த்தேன், வருகிறது. முழுவதையும் வாசித்து முடித்ததும் அம்மா கேட்டது இரண்டே கேள்வி. “நடுவுல வேண்டாம்னா விட்டுடுவாகளா?” விடுவார்கள், 19-ஆம் பக்கத்தில் இருக்கிறது, வழக்கமான சிகிச்சை நிற்காது என்றேன். அடுத்தது, “மூணு வாரத்துக்கு ஒருக்க மெட்ராஸ் போகணுமே, பல்லவன்ல டிக்கெட் கிடைக்குமா?” அண்ணன் போனில் இருந்தான். ஒன்றும் பேசவில்லை. தேவகோட்டை அண்ணன் சொன்னபடி மருந்து விஷயத்தை எழுத்தில் கேட்கப்போகிறோம். கையெழுத்து அதற்கப்புறம்தான், அதுவும் அம்மா போடட்டும்.

புதுவயல் மருந்துக்கடை
சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் ரயிலில் சலுகை உண்டு. பல்லவனில் இரண்டாம் வகுப்பு, ஏ.சி. சேர் கார் இரண்டிலும் 75 சதவீதம். அதற்கென்று ஒரு சான்றிதழ்ப் படிவம் இருக்கிறது, அடுத்த முறை போகும்போது ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.