ஜிப்சி லிஃப்ட் செய்த பிறகு 70-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது, நேராக ஓடவும் மாட்டேன் என்கிறது. உதவி தேவை

காரிமங்கலம் ஜிப்சி:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2012 மாருதி ஜிப்சி கிங் ஜீப், சாஃப்ட் டாப், பவர் ஸ்டியரிங் கிடையாது. பெட்டமுகிலாளத்தில் மாமனாருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே போகும் கடைசிப் பாதை பாறையும் ஓடையுமாக இருக்கும், ஆக்சில் ஹவுசிங் தட்டிக்கொண்டே போகும். அதனால் நாலு மாதம் முன்பு வண்டியை உயர்த்தினேன். முன்னும் பின்னும் 2 இன்ச் நீளம் கூடிய ஷேக்கிள் (ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் அசையும் துண்டு), ஸ்பிரிங் பட்டையில் ஒரு பிளேட் சேர்த்தது, 205/70 இருந்த இடத்தில் 235/75 ஆர் 15 மட் டயர், வெளியே தள்ளி நிற்கும் அலாய் வீல். மலையில் அருமையாக ஏறுகிறது, அதில் ஒரு குறையும் இல்லை.

பிரச்சினை ஹைவேயில்தான். கிருஷ்ணகிரி போகும்போது 60 வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் வண்டி தானாக இடது வலது என்று அலைகிறது, நான் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், பக்கத்தில் லாரி கடந்தால் ஒரு லேன் பாதி நகர்ந்துவிடுகிறது. அதைவிட மோசம், 70-க்கு மேல் மேம்பாலத்து இணைப்பில் ஏறி இறங்கினால் ஸ்டியரிங் கையை உதறித் தள்ளுகிற மாதிரி ஆடுகிறது, 40-க்கு வந்தால்தான் நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மனைவியும் பையனும் வண்டியில் இருந்தார்கள், அந்த ஆட்டத்தில் பையன் அழுதுவிட்டான். அதற்குப் பிறகு வண்டியை எடுக்கவே மனசு வரவில்லை.

இதுவரை செய்தவை: இரண்டு முறை பேலன்சிங், ஒரு முறை அலைன்மெண்ட், புது ஸ்டியரிங் டாம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்கும் ஷாக்). டாம்பர் போட்டதும் இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி அதே கதை. லிஃப்ட் செய்த பட்டறையில் கேட்டால் “மட் டயர் என்றால் அப்படித்தான்” என்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஊத்தங்கரை:
ஸ்டியரிங் பாக்ஸ் மேலே ஒரு ஸ்க்ரூ இருக்கும், லாக் நட்டை லூஸ் பண்ணி அதைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். என் பழைய ஜீப்பில் அலைச்சல் அதிலேயே குறைந்தது.

ஓசூர் பட்டறை:
தம்பி, அந்த ஸ்க்ரூவை இப்போதைக்குத் தொடாதீர்கள். மற்ற இடத்து ஆட்டத்தை மறைக்க அதை இறுக்கினால் பாக்ஸ் நடுவில் பிடித்துக்கொள்ளும், திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, அலைச்சல் இன்னும் கூடும். பாக்ஸ் உள்ளே பல்லும் தேய்ந்துபோகும். ஊத்தங்கரை நண்பர் வண்டியில் உண்மையிலேயே பாக்ஸ் தேய்ந்திருக்கலாம், அது வேறு விஷயம்.

உங்களிடம் இரண்டு வியாதி இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். பேலன்ஸ் கோளாறு என்றால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ரோடு மழமழவென்று இருந்தாலும் ஸ்டியரிங் நடுங்கும், அந்த வேகத்தைத் தாண்டினால் குறையும். உங்களுக்கு அப்படி இல்லை, ஒரு குலுக்கல் கிடைத்ததும் ஆரம்பித்து வேகம் நன்றாகக் குறையும் வரை நிற்பதில்லை. முன் சக்கரம் இரண்டையும் வளையாத ஒரே ஆக்சில் இணைக்கும் வண்டிகளில் வரும் டெத் வாபிள் இதுதான். எங்கேயோ ஒரு மூட்டு லூஸ். டாம்பர் அதைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்தது, அவ்வளவுதான்.

தானாக அலைவது வேறு. அதற்கு முதல் சந்தேகம் கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு. சைக்கிள் ஹேண்டில் தண்டு பின்னால் சாய்ந்திருக்கும் அல்லவா, அதே மாதிரி கிங் பின்னின் (முன் சக்கரம் இடது வலதாகத் திரும்பும் அச்சு) மேல்முனை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராக இழுத்து வைக்கிறது. ஜிப்சியில் முன் பட்டையின் ஷேக்கிள் முன்பக்கம் இருக்கிறது. அதை 2 இன்ச் நீளமாக்கினால் வண்டி உயர்வது சுமார் 1 இன்ச்தான், ஆனால் பட்டையின் மூக்கு கீழே போய் ஆக்சிலே முன்னால் உருண்டுவிடும். பட்டை கண்ணுக்குக் கண் சுமார் 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 5 செ.மீ. இறக்கத்துக்கு 3 டிகிரி போய்விடும். கம்பெனி கொடுத்ததே ஏறக்குறைய அவ்வளவுதான். மிச்சம் என்ன இருக்கும்?

அலைன்மெண்ட் செய்த இடத்தில் ரிப்போர்ட் தாள் கொடுத்திருப்பார்கள், அதில் கேஸ்டர் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். இந்த வண்டியில் டோ (முன் சக்கரங்கள் உள்ளே வெளியே பார்க்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும் என்பதால் பலர் அந்த வரியைப் பேசுவதே இல்லை.

அதற்குள் வீட்டிலேயே இதைச் செய்யுங்கள். வண்டி தரையில் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடது வலதாகச் சின்னதாக, வேகமாக ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து பாக்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். பாக்ஸே சேசிஸில் அசைகிறதா, அந்த இடத்தில் விரிசல் இருக்கிறதா, டிராக் லிங்க் (பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) இரண்டு முனையும், டை ராட் (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) இரண்டு முனையும், ஷேக்கிளில் உள்ள ரப்பர் புஷ், பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட், எல்லா இடத்திலும் கையை வைத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். அப்புறம் முன் சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக்கில் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், போகவில்லை என்றால் கிங் பின் பேரிங்.

இது முடியும் வரை தொப்பூர் கணவாய் பக்கம் போகவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். வழியில் ஆட்டம் வந்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, ஓரமாக மெதுவாக்குங்கள்.

பாலக்கோடு:
அண்ணன் சொன்னதோடு இன்னும் இரண்டு. டயரில் எவ்வளவு காற்று? நம் ஊர் பங்க்குகளில் ஜீப் என்றாலே 35 பி.எஸ்.ஐ. வைத்துவிடுகிறார்கள். ஒரு டன் அளவே உள்ள வண்டிக்கு, அந்த அகல டயரில், 35 வைத்தால் நடுப்பட்டை மட்டும் ரோட்டில் படும், வண்டி துள்ளும். டயர் குறுக்கே சாக்பீஸில் கோடு போட்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். என் வண்டிக்கு 26 சரியாக வந்தது.

அப்புறம், 205/70 டயர் விட்டம் சுமார் 67 செ.மீ., 235/75 சுமார் 73 செ.மீ. மீட்டரில் 70 காட்டும்போது நீங்கள் உண்மையில் 77-ஐ ஒட்டிப் போகிறீர்கள்.

காரிமங்கலம் ஜிப்சி:
அண்ணா, இன்று காலை தம்பியை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். டை ராட் முனைகள் நன்றாக இருக்கின்றன. டிராக் லிங்க்கின் சக்கரப் பக்க முனையில் தெளிவான ஆட்டம், ரப்பர் உறையும் கிழிந்திருக்கிறது. சக்கரத்தை மேல் கீழ் பிடித்து ஆட்டினால் வலது பக்கம் ‘டக் டக்’ என்கிறது, பிரேக் மிதித்தாலும் போகவில்லை. ஷேக்கிள் நட்டு ஒன்று கையாலேயே திரும்பியது, அதைப் பார்த்ததும் உடம்பு நடுங்கிவிட்டது.

அலைன்மெண்ட் தாளைத் தேடி எடுத்தேன். கேஸ்டர் இடது 0.6, வலது 0.3. டயர் காற்று 36. எல்லாமே நீங்கள் சொன்னபடிதான். கேஸ்டருக்கு வெட்ஜ் கிடைக்கும் என்கிறார்கள், அதைப் போடலாமா?

ஓசூர் பட்டறை:
போடலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் லூஸ் எல்லாம் போகட்டும், கேஸ்டர் அதற்குப் பிறகு. கிங் பின் பேரிங் மேலும் கீழும் மாற்றுங்கள், இரண்டு பக்கமும். கிங் பின் மூடிக்குக் கீழே உள்ள ஷிம் என்ற மெல்லிய தகட்டைக் கூட்டிக் குறைத்துத்தான் இறுக்கம் வைக்க வேண்டும். ஷிம் எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். டை ராடைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் தராசால் சக்கரப் பக்கத்து ஸ்டியரிங் ஆர்மை இழுத்து, நகர ஆரம்பிக்கும் எடையை மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். “கையால் திருப்பிப் பார்த்தேன், சரியாக இருக்கு” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இந்த வேலையில் பாதி தோற்பது அங்கேதான்.

வெட்ஜ் என்பது பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் வைக்கும், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த தகடு. உங்கள் ஜிப்சியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது, அதனால் தடித்த பக்கம் வண்டியின் முன்னால் பார்க்க வேண்டும். பட்டையை ஆக்சிலுக்கு மேலே மாற்றிய வண்டி என்றால் தலைகீழ், தடித்த பக்கம் பின்னால். இதை மாற்றிப் போட்டுவிட்டு வந்து “வெட்ஜ் போட்டும் மோசமாகிவிட்டது” என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். 3 டிகிரி போதும், அலுமினியம் நசுங்கும், எஃகில் வாங்குங்கள். சென்டர் போல்ட் நீளமானது தேவைப்படும், யூ போல்ட் புதிதாகவே போடுங்கள், 200 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். புஷ் போல்ட்டுகளை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும், தூக்கி வைத்து இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

ஒரு இழப்பும் உண்டு. ஆக்சில் பின்னால் உருளும்போது டிஃபரன்ஷியல் மூக்கு கீழே பார்க்கும், முன் ஆக்சிலைச் சுழற்றும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடும். முன் சக்கரத்தை ஆக்சில் தண்டிலிருந்து பிரிக்கும் ஃப்ரீ வீல் ஹப் விடுத்த நிலையில் ஹைவேயில் அது சுழலாது, அதனால் அங்கே தெரியாது. மலையில் ஃபோர் வீலில் போகும்போது சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

பாலக்கோடு:
சொல்லத் தயங்கினேன், சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் டயரையும் உயரத்தையும்தான் பார்ப்பார். குடும்பத்தோடு போகிற வண்டி என்பதால் சொல்கிறேன். வெளியே தள்ளும் அலாய் வீலையாவது எடுத்துவிடுங்கள், அது ஒவ்வொரு குழியையும் ஸ்டியரிங்குக்குக் கடத்தும்.

காரிமங்கலம் ஜிப்சி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், பேரிங் கிடைக்கத் தாமதமாகிவிட்டது.

கிங் பின் பேரிங் இரண்டு பக்கமும் மாற்றினோம். வலது பக்கத்துப் பழையதில் உருளைகள் பதிந்து குழி விழுந்திருந்தது. டிராக் லிங்க் முனை புதிது. இதோடு நிறுத்தி, வெட்ஜ் போடாமல் ஒரு முறை ஓட்டினேன். உதறல் சுத்தமாக இல்லை, அதே மேம்பாலத்தில் நாலு முறை போய் வந்தேன். அலைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டும் வேறு வேறு என்று அண்ணா சொன்னது அப்போதுதான் கைக்குப் புரிந்தது.

பிறகு நீள ஷேக்கிளைக் கழற்றிப் பழையதையே முன்னால் மாட்டிவிட்டேன். வெட்ஜ் போடவில்லை. கேஸ்டர் இப்போது 3.1, 2.9. முன்பக்கம் ஒரு இன்ச் இறங்கியது, சேர்த்த பிளேட்டும் டயரும் கொடுத்த உயரம் அப்படியே இருக்கிறது, மலைக்கு அதுவே போதுகிறது. பழைய இரும்பு வீலில் டயரை மாற்றினேன், காற்று 26.

நேற்று தர்மபுரி வரை போனேன். மீட்டரில் 70, ஒரு கை லேசாக வைத்தாலே நேராகப் போகிறது, லாரி கடந்தாலும் திருத்த வேண்டியதில்லை. பையன் பின்சீட்டில் தூங்கிவிட்டான்.

பின் ஷேக்கிள் இன்னும் நீளமானதே இருக்கிறது. லேன் மாறும்போது பின்பக்கம் ஒரு நொடி தாமதித்து வருகிற மாதிரி தெரிகிறது. பின் புஷ்ஷைப் பார்க்கட்டுமா அண்ணா, இல்லை அதையும் பழையதற்கே மாற்றிவிடவா?

ஓசூர் பட்டறை:
புஷ்ஷை முதலில் பாருங்கள். கம்பியை விட்டு நெம்பும்போது ஷேக்கிள் பக்கவாட்டில் அசைந்தால் புஷ்தான். அசையவில்லை என்றால் பழைய ஷேக்கிளைப் போடுங்கள், நீளம் கூடினால் பக்கவாட்டு ஆட்டமும் கூடத்தான் செய்யும்.