அப்பாவின் பிரஷர் மெஷின் இணையவே இல்லை, வியாழனுக்குள் உதவுங்கள்

ஈசூன் மகள் (செவ்வாய், இரவு 10:42)
அப்பாவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். மருந்தகத்தில் பிரஷர் மெஷினும், அளவுகளைத் தாதிக்கு அனுப்பும் ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். பிளக்கில் சொருகினால் போதும், மற்றதெல்லாம் தானாக இணையும் என்றார்கள், இரண்டு மாதம் அப்படியே ஓடியது. இன்று தாதி அழைத்து ஒன்பது நாளாக ஒரு அளவுகூட வரவில்லை என்கிறார், அப்பாவோ காலையும் மாலையும் தவறாமல் பார்க்கிறார். எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை டாக்டர் மருந்தை மாற்றலாமா என்று பார்க்கப் போகிறார். யாராவது சொல்லுங்கள்.

தேக்கா பையன்
அக்கா, எல்லாம் என்றால் என்னென்ன? மெஷின் என்ன மாடல், பெட்டியில் விளக்கு எரிகிறதா, சிம் போட்ட பெட்டியா, வீட்டு வைஃபையா?

ரவுட்டர் ராஜன்
வைஃபைதான். இந்த மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும், ரவுட்டரை மாற்றி அது 5 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் கிடைக்காமல் தேடிக்கொண்டே இருக்கும். ரவுட்டரில் இரண்டையும் தனித்தனிப் பெயரில் பிரித்து விடுங்கள்.

அங் மோ கியோ 3
சுவிட்சைப் பாருங்கள். என் மாமனார் கரண்ட் மிச்சம் என்று தூங்கப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா பிளக் சுவிட்சையும் அணைத்துவிடுவார், பெட்டியும் சேர்ந்து அணைந்துவிடும்.

சிக்னல்
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் வருவதில்லை. அடிப்படையைச் சொல்கிறேன். புளூடூத்தில் ரத்த அழுத்த மெஷினுக்கென்று தனி வரையறை 2011லேயே வந்துவிட்டது. முதல்முறை இணையும்போது மெஷினும் பெட்டியும் ஒரு சாவியை, அதாவது ஒரு ரகசிய எண்ணை, பரிமாறி இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளும், தானாக இணைவது என்பது அந்தச் சாவியை முன்கூட்டியே போட்டு அனுப்புவதுதான். பல மெஷின்கள் ஒரே ஒரு சாவியைத்தான் நினைவில் வைக்கும். நடுவில் வேறு கைப்பேசியில் இணைத்தால் பழைய சாவி போய்விடும். இணைத்தீர்களா இல்லையா?

ஈசூன் மகள் (இரவு 11:15)
சிம் பெட்டிதான், வைஃபை இல்லை. விளக்கு பச்சை. சுவிட்ச் போட்டுத்தான் இருக்கிறது. ஆமாம், அளவுகளை நானும் பார்க்கலாமே என்று என் கைப்பேசியில் இணைத்தேன், அது தப்பு என்று எனக்குத் தெரியாது. அதே ஞாயிறு பேட்டரியும் மாற்றினேன், இப்போது எண்ணிப் பார்த்தால் ஒன்பது நாள் சரியாக அங்கேதான் வந்து நிற்கிறது.

தேக்கா பையன்
பேட்டரியா! அக்கா, மெஷின் திரையில் தேதி என்ன காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். பேட்டரியைக் கழற்றினால் சில மெஷின்களில் கடிகாரம் முதல் நாளுக்குத் திரும்பிவிடும். அளவு போனாலும் பழைய தேதியில் போய் உட்கார்ந்திருக்கும், தாதி இந்த வாரத்தைத் திறந்தால் காலியாகத்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற தாதி
இணைப்பு நாளைக்குக் கிடைக்கட்டும், அம்மா. இன்றிரவே அப்பாவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. மேல் எண் 180க்கு மேலோ கீழ் எண் 120க்கு மேலோ காட்டி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் என்று எதுவும் இருந்தால் மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

ரவுட்டர் ராஜன்
நோட்டா? நோட்டிலிருந்து விடுவிக்கத்தானே இதெல்லாம் கொடுக்கிறார்கள். என் அம்மா 150ஐ 135 என்று எழுதுவார், டாக்டர் கோபிப்பார் என்ற பயம். மெஷின் அப்படியே அனுப்பிவிடும், அதுதான் அதன் அருமை.

ஓய்வுபெற்ற தாதி
அனுப்பவில்லையே, தம்பி. ஒன்பது நாள் அந்தப் பெரியவர் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார். தானாக இணையும் பெட்டிக்குத் தானாக நின்றுபோனதைச் சொல்லவும் தெரிய வேண்டும். ஒரு பீப் சத்தம் போதும், பச்சை விளக்கு அவருக்கு எதையும் சொல்லவில்லை.

சிக்னல்
பச்சை விளக்கு பெரும்பாலும் பெட்டிக்கும் நெட்வொர்க்குக்கும் உள்ள தொடர்பைத்தான் காட்டும், மெஷினோடு உள்ள தொடர்பை அல்ல. எங்கும் எழுதியிருப்பதுதான்.

அங் மோ கியோ 3
எழுதியிருக்கலாம், எழுத்து எறும்பு அளவு, அதுவும் ஆங்கிலத்தில். என் மாமனார் தமிழ் மட்டும்தான் படிப்பார்.

தேக்கா பையன்
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அக்கா, செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் கைப்பேசியின் புளூடூத் பட்டியலில் மெஷினை நீக்கிவிட்டு அன்று முழுக்க புளூடூத்தையே அணைத்து வையுங்கள், மெஷினில் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள், அப்புறம் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து மீண்டும் இணையுங்கள். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், மாடல் பெயரைச் சொன்னால் பார்த்துச் சொல்கிறேன். முடியாவிட்டால் தாதியிடமே கேளுங்கள், பெட்டி கொடுத்தவர்கள் வேறொன்று மாற்றித் தருவார்கள்.

ஈசூன் மகள் (புதன், இரவு 8:50)
தேதி ஜனவரி 1 என்றுதான் இருந்தது. சரி செய்தேன், என் கைப்பேசியிலிருந்து நீக்கினேன், மீண்டும் இணைத்தேன். தாதி இரண்டு அளவு வந்துவிட்டது என்றார். நோட்டும் வாங்கியாகிவிட்டது. எல்லாருக்கும் நன்றி.

ரவுட்டர் ராஜன்
கடைசியில் எது காரணம், தேதியா, கைப்பேசியா?

பிடோக் பாட்டி பேரன்
என் பாட்டிக்கும் இதே கதை, எடை பார்க்கும் மெஷின். அக்கா, எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள்? அந்த ஒன்பது நாள் அளவும் சேர்ந்து போனதா?