நீலத் திரையில் 48 இலக்கம்

சனி, மாலை 6:12

கயல்: மாமா, இருக்கிறீர்களா? லேப்டாப் திறக்க மாட்டேன் என்கிறது. நீலத் திரை வந்து 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது.

கயல்: உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடலாம் என்று உட்கார்ந்தேன். விண்டோஸை எடுக்கவில்லை, அதன் பக்கத்திலேயே இரண்டாவதாகத்தான்.

அம்மா: என்னடி செய்து வைத்தாய்? தாத்தா போட்டோ எல்லாம் அதில்தானே இருக்கிறது!

மாமா: அக்கா, பதறாதே. கயல், இனி எதையும் தொடாதே. கடைசியாக எதை மாற்றினாய்?

கயல்: அண்ணன் செக்யூர் பூட்டை (Secure Boot, ஆன் ஆகும்போது கையெழுத்தில்லாத மென்பொருளைத் தடுப்பது) அணைக்கச் சொன்னான். பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரையில் போய் அணைத்தேன்.

சரவணன்: என் பழைய கம்ப்யூட்டரில் அப்படித்தான் செய்தேன் மாமா. எதுவும் கேட்கவில்லையே.

மாமா: அதில் டிஸ்க்குக்குப் பூட்டு இல்லை மாப்பிள்ளை. இது விண்டோஸ் 11-உடன் வந்தது. டிஸ்க் முழுவதையும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டி வைத்திருக்கிறது, சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் பொறுப்பில். செக்யூர் பூட் நிலை மாறியதும், யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று சிப் சாவியைக் கொடுக்க மறுக்கிறது. அவ்வளவுதான். போட்டோ உள்ளேயே பத்திரமாக இருக்கிறது அக்கா.

மாமா: செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்தாலே பெரும்பாலும் திறந்துவிடும். ஆனாலும் அந்த 48 இலக்கம் முதலில் நம் கைக்கு வரட்டும். லேப்டாப் வந்த அன்று யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்கள்?

அம்மா: என்னுடையதுதான்.

மாமா: அந்தக் கணக்கைப் போனில் திற. சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் ரெகவரி கீ, அதாவது அந்த 48 இலக்கம், இருக்கும். நீலத் திரையில் கீ ஐடி என்று ஒன்று தெரிகிறதே, அதன் முதல் 8 எழுத்தும் கணக்கில் காட்டும் கீ ஐடியும் ஒன்றுதானா என்று பார். எண்ணைக் குழுவில் போட்டுவிடாதே.

அம்மா: கிடைத்துவிட்டது தம்பி. நோட்டில் எழுதுகிறேன்.

6:41

கயல்: எல்லாம் தட்டிவிட்டேன், ஏற்க மாட்டேன் என்கிறது. அம்மா எழுதியதில் எங்கோ தவறு போலிருக்கிறது.

மாமா: ஆறு ஆறு இலக்கமாக 8 கட்டம் இருக்கிறது அல்லவா? ஒவ்வொரு கட்டமும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். அப்படித்தான் அந்த எண்ணை அமைத்திருக்கிறார்கள். ஓர் இலக்கம் மாறினாலும் மீதி விழும். கால்குலேட்டரில் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்.

கயல்: ஐந்தாவதில் மீதி வருகிறது! அம்மாவின் 1-ஐ நான் 7 என்று படித்திருக்கிறேன்.

கயல்: திறந்துவிட்டது மாமா!

அம்மா: அப்பாடா. போதும் கயல், மூடி வை. இருப்பதே நன்றாகத்தானே ஓடுகிறது?

மாமா: அக்கா, அவள் கற்றுக்கொள்ளட்டும். இன்றைக்குப் பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அவளுடைய படிப்புக்கு அது கையில் இருப்பது நல்லது. ஆனால் போட்டோ எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏறும்வரை உபுண்டு நிறுவும் பென் டிரைவைச் செருகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாமா: உங்களுக்குச் சொன்னதில்லை. எங்கள் பாப்பாவுக்கு இரண்டு வயது இருக்கும்போது நானும் இப்படித்தான் உபுண்டு போட்டேன். டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு என்ற வரி தேர்வாகியிருந்ததைக் கவனிக்காமல் அடுத்து, அடுத்து என்று அழுத்திவிட்டேன். மீட்கும் மென்பொருளோடு இரண்டு வாரம் உட்கார்ந்தேன். நாற்பது படம்போல வந்தது. பலவற்றில் மேலே பாதி முகம், கீழே வெறும் சாம்பல் நிறம்.

அத்தை: நெற்றியும் கண்ணும் மட்டும் வந்த ஒரு படத்தை அச்சுப்போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். கயல், மாமா சொல்வதைக் கேள் மா.

கயல்: சரி அத்தை. இன்று இரவு காப்பி எடுத்துவிடுகிறேன்.

மாமா: எடுத்ததும் பத்துப் படத்தையாவது அந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே திறந்து பார். அப்புறம் விண்டோஸ் அமைப்புகளில் டிவைஸ் என்க்ரிப்ஷனை, அதாவது இந்த டிஸ்க் பூட்டை, அணைத்துவிட்டுத் தூங்கு. பூட்டு முழுக்க அவிழ நேரமாகும், சார்ஜரிலேயே இருக்கட்டும்.

ஞாயிறு, காலை 9:05

கயல்: காப்பி முடிந்தது, திறந்தும் பார்த்தேன். பூட்டும் அவிழ்ந்துவிட்டது. ஆனால் உபுண்டுவுக்கு இடம் பிரிக்க டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கப் போனால் 18 ஜிபிதான் தருகிறது. 300 ஜிபி காலியாக இருக்கிறதே மாமா?

மாமா: காலி இடத்தின் நடுவில் நகர்த்த முடியாத கோப்புகள் உட்கார்ந்திருக்கும். ஹைபர்னேட், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் மூன்றையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்துவிட்டுச் சுருக்கிப் பார். முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரெஸ்டோரையும் திரும்பப் போட்டுக்கொள்.

மாமா: ஹைபர்னேட் அணைந்தே இருக்கட்டும். அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும், நமக்கு அதுதான் வேண்டும். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுதினால் கோப்புகள் கெடும்.

கயல்: இப்போது 110 ஜிபி தருகிறது! 80 எடுத்துக்கொள்ளட்டுமா?

மாமா: தாராளம். உபுண்டுக்கு 25 ஜிபி இருந்தாலே ஓடும். பிரித்த இடத்தை ஃபார்மட் செய்யாமல் அன்அலொகேட்டட் (ஒதுக்காத இடம்) என்றே விட்டுவிடு.

சரவணன்: செக்யூர் பூட்டை இப்போதாவது அணைக்க வேண்டுமா மாமா?

மாமா: வேண்டாம். உபுண்டுவை ஏற்றிவிடும் பூட்லோடர் கையெழுத்திட்டே வருகிறது, செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே ஏறும். திரும்ப ஆன் செய்துவிட்டே ஆரம்பியுங்கள். முதலில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, டச்பேட், ஒலி எல்லாம் வேலை செய்கிறதா பார் கயல்.

10:20

கயல்: எல்லாம் வேலை செய்கிறது. நிறுவும் திரையில் இப்போது சில தேர்வுகள் நிற்கின்றன. விண்டோஸுடன் சேர்த்து நிறுவு என்பதை அழுத்தட்டுமா?

மாமா: அதுதான். அடுத்து, டிஸ்க்கில் என்னென்ன மாறும் என்று ஒரு பட்டியல் வரும், அதைப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு நிறுவு.

கயல்: 📷

மாமா: சி டிரைவ் பட்டியலில் இல்லை, புதிய பார்டிஷன் (டிஸ்க் பகுதி) மட்டும்தான் உருவாகிறது. அழுத்து மா.

11:02

கயல்: முடிந்தது! ஆன் செய்ததும் கரும்திரையில் பட்டியல் வருகிறது. மேலே உபுண்டு, கீழே விண்டோஸ். இரண்டும் திறக்கிறது. ஆனால் உபுண்டுவுக்குப் போய்விட்டு விண்டோஸுக்கு வந்தால் மணி தவறாகக் காட்டுகிறது.

மாமா: மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று நினைத்துப் படிக்கும். லினக்ஸில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும், தனியாக அனுப்புகிறேன்.

அம்மா: போட்டோ?

கயல்: விண்டோஸில் எல்லாம் அப்படியே இருக்கிறது அம்மா. இதோ, உபுண்டுவிலிருந்தும் திறந்தேன். தாத்தா சைக்கிளோடு நிற்கிற படம்.

அம்மா: அதை இங்கே அனுப்பு கயல். அத்தையும் பார்க்கட்டும்.