போலோ ஜிடி டிஎஸ்ஐ: 40 மி.மீ. ஸ்பிரிங் போட்டதும் முன்பக்கம் அடிக்குது

வண்டி 2015 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்), 195/55 ஆர்16 டயர். இடம் கொழிஞ்சாம்பாறை. ஓட்டம் பாலக்காடு, பொள்ளாச்சி, எப்பவாவது நெல்லியாம்பதி மலை.

ஆடி மாசம் வண்டி உயரத்தை 40 மி.மீ. இறக்குற ஸ்பிரிங் போட்டது. ஷாக் (ஷாக் அப்சார்பர்) நாலும் கம்பெனி ஷாக்தான், 60,000 கி.மீ. ஓடினது. நாலு பேர் ஏறினா ஸ்பீடு பிரேக்கர்ல முன்பக்கம் டொக்குனு அடிக்குது. பின்பக்கம் ஒரு மேடு ஏறி இறங்கினா ஆடி ஆடித்தான் நிக்குது. ஜாக் போட்டுத் தூக்கினா பின் ஸ்பிரிங் சீட்ல லூஸா, கையாலயே திரும்புது. சத்தத்தை விட இதுதான் பயம். பள்ளத்துல சக்கரம் தொங்கி மறுபடி உக்காரும்போது ஸ்பிரிங் இடம் மாறிடலாம்.

முன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மவுண்ட், பேரிங் புதுசு. உயரம் குறைஞ்சா டோ (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிக்குற கோணம்) மாறுமே, அலைன்மென்ட்டும் பண்ணியாச்சு. பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுசா அமுங்கி முட்டாம தாங்குற மெத்தை) ஒரு வளையம் வெட்டிப் பாத்தாச்சு, அடி இன்னும் கடுமையாச்சு. கழட்டினப்போ அதுல ஷாக் தலையோட வட்டத் தடம் அப்படியே பதிஞ்சிருந்துச்சு, அதாவது டிராவல் (ஷாக் அமுங்க இருக்குற தூரம்) முழுக்கத் தீர்ந்துடுது. ஷாக்ல ஆயில் கசிவு இல்ல.

காயில்ஓவர் (திரெட்டைத் திருகி உயரம் மாத்துற ஸ்பிரிங்-ஷாக் செட்) வேண்டாம். இந்தப் பக்கத்து மழைச் சேத்துக்கு திரெட் இறுகிப்போகும், அப்புறம் உயரம் மாத்தவே முடியாது.

பழைய ஷாக்கோடயே 25 மி.மீ. மட்டும் இறக்குற புரோகிரசிவ் (அமுங்க அமுங்க இறுகுற) ஸ்பிரிங்குக்கு மாறிடலாமா, இல்ல 40-ஐ வச்சுக்கிட்டு ஸ்ட்ரோக் (நீண்டு சுருங்குற தூரம்) குறைஞ்ச, டேம்பிங் (ஆட்டத்தை அடக்குற திறன்) கூடின ஷாக் நாலும் மாத்தணுமா?